பழைய பயண டிரெய்லரின் சிறு மாதிரியை உள்ளிருந்து வெளியே கட்டுவது: குமரி மாவட்டக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப்போகும் பழைய அமெரிக்க டிரெய்லர் வீட்டை மாதிரியாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வெளித்தோலில்தான் தொடங்குகிறார்கள். அட்டையில் ஒரு கூடு செய்து, அதன் மேல் வெள்ளித்தாள் ஒட்டி, ஜன்னலை வரைந்துவிடுகிறார்கள். தூரத்தில் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் போனால் அட்டை தெரிந்துவிடும்.

நிஜ டிரெய்லர் கட்டப்பட்ட வரிசையே வேறு. இரும்புச் சட்டத்தின் மேல் தரை, தரை மேல் மரச்சட்டச் சுவர், அதன் உட்புறம் பலகை, அலமாரி, வயர் எல்லாம் முடிந்த பிறகுதான் அலுமினியத் தகடு வரும். நாமும் அதே வரிசையில் போனால் ஜன்னலின் ஆழம், கதவின் தடிமன், கூரையின் வளைவு எல்லாம் தானாகவே சரியாக அமையும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

எந்த டிரெய்லர், எந்த அளவு

பழைய டிரெய்லர் என்றதும் பலருக்கும் ஏர்ஸ்ட்ரீம்தான் நினைவுக்கு வரும். 1936-இல் வந்த அதன் கிளிப்பர் மாடலிலிருந்தே ரிவெட் அடித்த அலுமினிய உடல் அதன் அடையாளம். ஆனால் அதன் முனைகள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளைபவை. அதைச் செய்யத் தகட்டைத் தட்டித் தட்டிக் குழிக்கத் தெரிய வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

நமக்கு ஏற்றது 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் ஓடிய 'கேன்ட் ஹாம்' (டப்பாவில் அடைத்த இறைச்சி) வகை. பக்கச்சுவர்கள் இரண்டும் தட்டை. கூரைத் தகடு முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் மட்டும் வளையும். இந்த வகையில் பெயர்பெற்றது ஷாஸ்தா. 1941-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய நிறுவனம் அது. பின்பக்கம் இரண்டு சின்னச் சிறகு வைத்த அதன் ஏர்ஃப்ளைட் மாடலை 1961 தோற்றத்தில் 2015-இல் மறுபடியும் தயாரித்தார்கள், தொடங்கிய ஆண்டைக் குறிக்க சரியாக 1,941 வண்டிகள். அதனால் இணையத்தில் தேடும்போது பழையதும் புதியதும் கலந்து வரும். பளபளப்பான புது வண்டியின் படங்களை ஒதுக்கிவிட்டு, பழைய வண்டியைத் தகடு கழற்றிப் பழுதுபார்க்கிறவர்களின் படங்களைச் சேகரியுங்கள். மர எலும்புகள் வெளியே தெரியும் அந்தப் படங்கள்தான் நமக்கு வரைபடம்.

அளவுக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் ஓர் அங்குலம். நிஜத்தில் ஓர் அங்குலம் சுமார் 2.1 மி.மீ. ஆகும். இந்தக் கணக்கு மனதில் நின்றுவிட்டால் கால்குலேட்டரே தேவைப்படாது. நான் சொல்லப்போவது இழுவைக் கொக்கியோடு சேர்த்து 16 அடி வரும் ஒரு டிரெய்லர். மாதிரியில் உடல் 13 அங்குல நீளம், 6½ அங்குல அகலம், தரையிலிருந்து கூரை வரை 6½ அங்குல உயரம். கொக்கிப் பகுதி 3 அங்குலம்.

ஒன்றை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். ஆகவே டிரெய்லரின் கதவு, போகும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் இருக்கும். நம் பஸ்ஸைப் பார்த்துப் பழகிய கை தானாகவே கதவை இடப்பக்கம் வரைந்துவிடும்.

பொருள் எங்கே கிடைக்கும்

மாதிரி செய்வதற்கென்றே விற்கும் பொருட்களை வெளியூரிலிருந்து வரவழைக்கலாம், காசும் நிறையச் செலவழிக்கலாம். ஆனால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்திலேயே இந்த வேலைக்கு வேண்டியது அநேகமாக எல்லாம் கிடைக்கும்.

முதலில் வெளித்தோல். ஆஃப்செட் அச்சகங்களில் ஒருமுறை பயன்படுத்திய அலுமினிய பிளேட்டுகளை எடைக்குப் போடுவார்கள். 0.15 முதல் 0.3 மி.மீ. வரை தடிமன் இருக்கும். 0.15 கிடைத்தால் அதைத்தான் எடுங்கள், கத்திரியிலேயே வெட்டலாம். 0.3 என்றால் கட்டர் கத்தியால் ஆழமாகக் கீறி, முன்னும் பின்னும் மடக்கினால் கீறலோடு ஒடியும். விளிம்பு சவர பிளேடு மாதிரி வெட்டும், கையுறை போடுங்கள்.

மரச்சட்டத்துக்கு ஆசாரி பட்டறையில் விழும் தேக்குச் சில்லுகளும் அயனிச் சில்லுகளும் போதும். கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். அயனி உளுக்காது, நம் ஈரக் காற்றுக்கும் நிற்கும். ரப்பர் மரம் ஊரெல்லாம் கிடைக்கிறதே என்று அதை எடுத்தால், மருந்து ஏற்றிய மரமா என்று கேட்டு வாங்குங்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்து ஏற்றாத துண்டை வண்டு விடாது, கட்டி முடித்த மாதிரியின் அடியில் ஒருநாள் பொடி கொட்டிக்கிடக்கும்.

பழைய குடைக்கம்பிகளைத் தூக்கிப் போடாதீர்கள். வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கும் மாவட்டத்தில் உடைந்த குடைக்குப் பஞ்சமில்லை. குடைக்கம்பி குறுக்குவெட்டில் ப வடிவம். கூரை ஓரப் பட்டைக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் இதைவிடச் சிறந்த பொருளை நான் பார்த்ததில்லை. சைக்கிள் ஸ்போக் கம்பி 2 மி.மீ., அதாவது நிஜ அளவில் கிட்டத்தட்ட ஓர் அங்குலக் குழாய். கதவருகே இருக்கும் கைப்பிடிக்கும் கேஸ் குழாய்க்கும் அது.

உட்புறச் சுவருக்கு வெளிர் நிற வெனீர், அதாவது தாள் மாதிரி சீவிய மரம். பிளைவுட் கடைகளில் மாதிரித் துண்டுகள் இருக்கும். திரைச்சீலைக்கு பழைய நேரியல் துணி. அவ்வளவு மெல்லிய பருத்தி வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. டயருக்குச் செருப்புக் கடை சோல் ரப்பர். சின்ன உலோக வேலைக்கு வேண்டிய நூல் மாதிரி மெல்லிய ரம்ப பிளேடுகளும் நுண் அரங்களும் நகைத்தொழில் கருவி விற்கிற கடைகளில் உண்டு. கோயில் நகை செய்யும் வடசேரியில் அந்தத் தொழில் தெரிந்தவர்களிடம் பித்தளையைப் பற்றவைப்பது எப்படி என்று கேட்டால், அரை மணி நேரத்தில் வாழ்நாளுக்குத் தேவையானதைக் கற்றுக்கொள்ளலாம்.

டிசம்பரில் குடில் கட்டிப் பழகிய வீடுகளில் பசை, கட்டர், விளக்குச் சரம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். கையில் பழக்கமும் இருக்கும். அந்தப் பழக்கம் இங்கே நன்றாக உதவும்.

வரைபடம்

கிராஃப் தாளில் பக்கத்தோற்றத்தை முழு அளவில் வரையுங்கள். தரைமட்டத்தில் உடலின் நீளம் 11½ அங்குலம். மேலே போகப் போக முன்னும் பின்னும் வெளியே பிதுங்கி, 3 அங்குல உயரத்தில் 13 அங்குலம் ஆக வேண்டும். பிறகு உள்ளே வளைந்து கூரையில் சேர வேண்டும். கூரையின் உச்சி நடுவுக்குச் சற்று முன்னால் இருந்தால் பின்பக்கம் அழகாகச் சரியும்.

வளைவைக் கையால் வரைந்தால் மேடு பள்ளம் வரும். சில இடங்களில் குண்டூசி குத்தி, அவற்றின் மேல் ஒரு நீளமான பச்சை ஈர்க்கிலை வளைத்துப் பிடித்து, அதன் ஓரமாகப் பென்சில் ஓட்டுங்கள். ஈர்க்கில் தானாக எடுக்கும் வளைவு உடையாமல் ஓடும். எங்காவது கோடு இடறினால் அங்கே ஊசி தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

கதவு 2 அங்குல அகலம், 5½ அங்குல உயரம். சமையல் மேடை 3 அங்குல உயரம். உட்காரும் பெஞ்சு 1½ அங்குலம். இவற்றை அதே தாளில் குறித்துவிடுங்கள். அச்சு, அதாவது சக்கரம் வரும் இடம், உடலின் நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால். நிஜ டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்க வேண்டும், இல்லையென்றால் ஓடும்போது வால் ஆடும். மாதிரியிலும் சக்கரத்தை முன்னால் வைத்துவிட்டால் வண்டி பின்னால் குந்திவிடும்.

சட்டமும் எலும்பும்

அடிச்சட்டத்தை 4 மி.மீ. சதுர அயனிச் சட்டத்தில் செய்து கறுப்பு அடியுங்கள். முன்னால் ஏ எழுத்தைப் போலக் கூம்பி ஒரு முனையில் சேரும். பித்தளைக் குழாய் கிடைத்துப் பற்றவைக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. தரைக்கு 3 மி.மீ. பிளைவுட்.

பக்கச்சுவர்களுக்கு 3 மி.மீ. பிளைவுட் இரண்டு தாளை இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டி, ஒன்றாகவே அறுங்கள். தனித்தனியாக அறுத்தால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கூரை கோணலாகும். ஓரத்தில் 10 மி.மீ. அகலம் விட்டு நடுவை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் வளையத்துக்குள் ஜன்னல், கதவு ஓரங்களுக்குச் சட்டம் கொடுங்கள். நிஜத்தில் இந்தச் சட்டங்கள் முக்கால் அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். நமக்கு 1.6-க்கு 3.2 மி.மீ. ஆசாரியிடம் மேஜை ரம்பத்தில் சன்னமாக இழுத்துத் தரச் சொல்லலாம்.

இரண்டு பக்கங்களையும் நிறுத்தி, கூரைக் குறுக்குச் சட்டங்களை 34 மி.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். நிஜத்தில் அது 16 அங்குல இடைவெளி. இந்த இடத்தில் அவசரம் கூடாது. ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் ஒட்டியதும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மரப்பசை காய இரட்டிப்பு நேரம் எடுக்கும், பிடிப்புக் கவ்வியை ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். தண்ணீர் தாங்கும் மரைன் வகை ஃபெவிகால் நம் ஊருக்கு நல்லது.

உள்ளே பார்க்க ஒரு வழி வேண்டுமே? கதவில்லாத இடப்பக்கச் சுவரை மட்டும் ஒட்டாதீர்கள். எலும்புச் சட்டம் இரண்டடுக்கு: ஒன்று கூரையோடு நிற்கும், இன்னொன்று தோலோடு கழன்று வரும். 5 மி.மீ. வட்டக் காந்தங்களை இரண்டிலும் எதிரெதிரே புதைத்துவிட்டால் சுவர் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். இணைப்புக் கோடு வெளியே தெரியுமே என்று கவலை வேண்டாம், அதைக் கூரை ஓரப் பட்டை மறைத்துவிடும்.

உள் வேலை

பழைய டிரெய்லரின் உயிர் உள்ளேதான். பிர்ச் மரப் பலகையில் அவலரக்கு (ஷெல்லாக்) பூசி, தேன் நிறத்தில் மின்னும் சுவர்கள். வெனீரை ஒட்டும் முன்பே அவலரக்கைப் பூசிவிடுங்கள். ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை மெல்லிய துணியில் சுற்றி, மூன்று நான்கு மெல்லிய பூச்சு. ஈரக் காற்றில் பூசினால் வெண்மையாகப் புகைபோலப் படியும். மழை ஓய்ந்த நாளாகப் பார்த்துப் பூசுங்கள். அப்படியே வெளுத்துவிட்டாலும் காய்ந்த நாளில் ஸ்பிரிட் நனைத்த துணியால் லேசாகத் துடைத்தால் சரியாகும்.

தரைக்கு அந்தக் காலத்தில் 9 அங்குலச் சதுர ஓடு பரவலாகப் போட்டார்கள். 19 மி.மீ. கட்டங்களை இரண்டு நிறத்தில் தாளில் அச்சடித்து ஒட்டி, மேலே வார்னிஷ் போடலாம்.

முன்பக்கம் சாப்பாட்டு மேஜை, எதிரெதிரே இரண்டு பெஞ்சு. ராத்திரி மேஜையை இறக்கினால் கட்டில். பின்பக்கம் குறுக்கே ஒரு படுக்கை. நடுவில் கதவுக்கு எதிரே அடுப்பு, சிங்க், ஐஸ் பெட்டி. அலமாரிக் கதவுகளைத் தனித்தனியாகச் செய்து ஒட்டுங்கள். முகப்பில் கோடு கிழித்தால் அது கதவாகத் தெரியாது. குமிழுக்குத் தலை உள்ள குண்டூசி.

நேரியல் துணியைத் திரைச்சீலையாக வெட்டி, கஞ்சியில் முக்கி, மடிப்பு மடிப்பாக ஊசி குத்திக் காயவிடுங்கள். கஞ்சி போடாத துணி இந்த அளவில் விறைத்து நிற்கும், தொங்காது.

விளக்குக்குப் பேட்டரியில் ஓடும் மெல்லிய செம்புக் கம்பிச் சரம். மஞ்சள் வெளிச்சம் தருவதை மட்டும் எடுங்கள். கம்பியை வெட்டி இணைத்தால், இணைக்கும் இடத்தில் மேலே இருக்கும் பூச்சைச் சுரண்டினால்தான் மின்சாரம் பாயும். பேட்டரிப் பெட்டி பெஞ்சுக்கு அடியில் மறைந்துவிடும். சுவரில் வெனீர் ஒட்டும் முன் கம்பியை ஓட்டி, எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும் சீரியல் லைட்டை அறுத்து இதில் வைக்கக் கூடாது.

தகடு

இதுவரை செய்ததற்கெல்லாம் பலன் கிடைக்கும் இடம் இது.

பிளேட்டில் இருக்கும் மையைத் தின்னரால் துடைத்துவிடுங்கள். அச்சுப் பட்ட பக்கம் சாம்பலாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். மறுபக்கம் வெறும் அலுமினியம். அந்தப் பக்கம்தான் வெளியே தெரிய வேண்டும். சாம்பல் பக்கத்தில் இருக்கும் கெட்டியான பூச்சு வளைக்கும்போது மயிர்க்கோடுகளாக வெடிக்கும்.

பக்கத் தகட்டில் படுக்கைவாட்டில் ஓடும் வரிகள் இருக்க வேண்டும். தகட்டைச் சோல் ரப்பரின் மேல் குப்புறப் போட்டு, இரும்பு ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி இழுங்கள். ஒரே இழுப்பு, ஒரே அழுத்தம். இரண்டாம் முறை இழுத்தால் கோடு இரட்டையாகும். முதலில் கழிவுத் துண்டில் கை பழகட்டும். வரிகளின் இடைவெளியை நீங்கள் பார்த்து வைத்த படத்தில் எண்ணி, அதே எண்ணிக்கையில் பிரியுங்கள். வரிகளைப் போட்ட பிறகுதான் ஜன்னல் ஓட்டைகளை வெட்ட வேண்டும், முன்பே வெட்டினால் ஓரம் சுருளும்.

மரத்தோடு ஒட்ட கான்டாக்ட் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, தகட்டைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுங்கள்.

முதலில் பக்கங்கள், பிறகு கூரை. கூரைக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று ஒரு காகித நாடாவை முன் தரையிலிருந்து பின் தரை வரை சுற்றி அளந்துகொள்ளுங்கள். தகட்டை நேரடியாக வளைக்காமல் பி.வி.சி. குழாயில் முதலில் உருட்டி, வளைவு பழகிய பிறகு வையுங்கள். ஒரே பிளேட் எட்டாவிட்டால் இணைக்கலாம், நிஜத்திலும் இணைப்புகள் உண்டு. ஓடு வேய்வதுபோல மேல் தகடு கீழ்த் தகட்டின் மேல் ஏற வேண்டும். பார்க்கிறவர்களில் பத்தில் ஒருவர் அதைக் கவனிப்பார். அந்த ஒருவருக்காகவாவது சரியாகச் செய்யுங்கள்.

பிறகு கூரையும் பக்கமும் சேரும் ஓரத்தில் குடைக்கம்பியை வளைத்து வையுங்கள். நிஜ வண்டியில் இந்தப் பட்டைக்கு அடியில் வைக்கும் புட்டி காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். பழைய டிரெய்லர்கள் மூலையிலிருந்து மக்கிப்போவது இப்படித்தான். பட்டையின் மேல் 8 மி.மீ.க்கு ஒன்றாக ஸ்க்ரூ தலை தெரிய வேண்டும். ஊசி முனையில் அரால்டைட் எடுத்துச் சிறு புள்ளிகளாக வைத்தால் போதும்.

ஜன்னல்

கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய லூவர் ஜன்னல் நம் பழைய வீடுகளின் குளியலறையில் பார்த்ததுதான். பட்டைகளை 8 மி.மீ. அகலத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளில் வெட்டி, சட்டத்தில் சாய்த்துப் பதியுங்கள். சூப்பர் க்ளூவை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்டாலே பிளாஸ்டிக் பனிபிடித்ததுபோல் வெளுக்கும். தெளிவான அரால்டைட்டை ஊசி முனையில் வைத்து ஒட்டுங்கள். கதவுக்கு உள்ளே இருக்கும் கொசுவலைக் கதவுக்குப் பழைய டீ வடிகட்டியின் வலை.

பெயின்ட்

அலுமினியத்தில் சாதாரண பெயின்ட் உரிந்துவிடும். வாகன பெயின்ட் கடையில் எட்ச் பிரைமர் கேட்டு வாங்கி, முதலில் அதை அடியுங்கள். அப்புறம் மேலே கிரீம் வெள்ளை, இடுப்பில் டர்க்காய்ஸ் அல்லது மஞ்சள் பட்டை, மெல்லிய பூச்சுகளாக. வண்ணம் வேண்டாத இடத்தை டேப்பால் மூடி, பூச்சு முழுக்கக் காயும் முன்பே டேப்பை உரித்தால் விளிம்பு கூர்மையாக வரும்.

பெயின்ட் வேலைக்கு நம் மாவட்டத்தில் சிறந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. தென்மேற்குப் பருவத்தில் ஈரம் மட்டும் பிரச்சினை இல்லை, ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கும் காற்று தூசியையும் கொண்டுவந்து ஈரப் பெயின்ட்டில் பதித்துவிடும். எந்த மாதமானாலும் விடிகாலைப் பனி காய்ந்த பிறகு, கடற்காற்று வலுக்கும் முன்பு அடித்து முடியுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி இடங்களில் வெறுமனே விட்ட அலுமினியத்தில் உப்புக் காற்றால் வெள்ளைப் புள்ளிகள் சீக்கிரம் வரும். பெயின்ட் இல்லாத பகுதிகளை ஸ்பிரிட்டால் துடைத்துக் கைரேகையை எடுத்துவிட்டு, தெளிவான லாக்கர் ஒரு பூச்சு கொடுங்கள்.

சக்கரமும் மற்றவையும்

டயரின் வெளிவிட்டம் 56 மி.மீ., அகலம் 12 மி.மீ. சோல் ரப்பரில் வட்டம் அறுத்து, டிரில் மெஷினில் பூட்டிச் சுற்றவிட்டு, உப்புத்தாளால் ஓரத்தை உருட்டலாம். நடுவில் இருக்கும் குவிந்த மூடிக்கு மெல்லிய அலுமினிய வட்டம் ஒன்றை வெட்டி, நகைப்பட்டறையில் இருக்கும் குழிக்கட்டையில் வைத்துத் தட்டினால் அச்சு அசலாக வரும். முன்னால் கேஸ் சிலிண்டருக்கு மரத்தில் கடைந்த துண்டு. பின்விளக்குக்கு சிவப்பு நெயில் பாலிஷ் பூசிய பாசிமணி.

முடிந்த பிறகு

அடிப்பலகையோடு கூடிய கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. மழைக்காலம் தொடங்கும்போது பொட்டலத்தை மாற்றுங்கள். பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் பெஞ்சும் தரையும் போய்விடும். படம் எடுப்பதென்றால் முட்டம் பாறைகளோ சொத்தவிளைக் கடற்கரையோ நல்ல பின்னணி. கேமராவைத் தரைமட்டத்துக்கு இறக்கி, மாதிரியின் ஜன்னல் உயரத்தில் பிடியுங்கள். மேலிருந்து எடுத்தால் எந்த மாதிரியும் பொம்மையாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் உப்பைத் துடைக்க மறக்காதீர்கள்.